பட்டனா, தொடுதிரையா? கிண்டில் மாதிரிக் கருவி வாங்குமுன் எழும் கேள்விகளும் பதில்களும்

மின்நூல் படிக்கும் கருவி வாங்கப்போகும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, திரை எத்தனை அங்குலம், விலை எவ்வளவு, தண்ணீர் பட்டால் கெடுமா என்பதுதான். பக்கம் திருப்பத் தனியாகப் பட்டன் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. வாங்கி ஒரு மாதம் ஆன பிறகு கேட்கிறார்கள். அப்போது கேட்டுப் பயனில்லை என்பதால், அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே சேர்த்து வைக்கிறேன். நான் பட்டன் பக்கம் சாய்ந்தவன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தொடுதிரை வெல்லும் இடங்களையும் மறைக்கப்போவதில்லை.

திரையைத் தட்டினால் பக்கம் திரும்புகிறது. பிறகு பட்டன் எதற்கு?

ஒரு புத்தகத்துக்கு எத்தனை முறை தட்டுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். அச்சில் 300 பக்கம் உள்ள நாவல், 6 அங்குலத் திரையில் நடுத்தர எழுத்தளவில் 500, 600 திரைகளாகப் பரவும். தமிழில் சொற்கள் நீளமானவை. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் ஒரு வரிக்கு மூன்று நான்கு சொல்லுக்கு மேல் நிற்காது. அதனால் தமிழ் படிப்பவர்கள் இன்னும் அதிகமாகத் திருப்புகிறார்கள். இந்தக் கருவியில் நாம் செய்யும் வேலைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு, அடுத்த பக்கத்துக்குப் போவதுதான். அந்த ஒரு வேலை எப்படி நடக்கிறது என்பதே கருவி நன்றாக இருக்கிறதா என்பதைத் தீர்மானிக்கிறது.

இப்போது உங்கள் கட்டைவிரலைக் கவனியுங்கள். பட்டன் இருந்தால் விரல் பட்டன் மேலேயே ஓய்வாக உட்கார்ந்திருக்கும். பக்கம் முடிந்ததும் லேசாக அழுத்தினால் போதும், விரல் இடம் பெயர வேண்டியதில்லை. தொடுதிரையில் விரலைக் கண்ணாடி மேல் வைத்திருக்க முடியாது. வைத்தால் பக்கம் ஓடிவிடும், இல்லையென்றால் ஏதாவது சொல் தேர்வாகி அகராதி திறக்கும். அதனால் விரல் ஓரச் சட்டத்தில் காத்திருந்து, எழுந்து, தட்டி, திரும்பி வர வேண்டும். அந்த நொடியில் கருவியின் முழு எடையையும் மற்ற விரல்கள் தாங்குகின்றன. ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு ஒரு கையால் பிடித்துப் படிப்பவர்களுக்கும், நிற்கக்கூட இடமில்லாத பேருந்தில் கம்பியைப் பிடித்தபடி படிப்பவர்களுக்கும் இது உடனே புரியும்.

இன்னொரு காரணம் உண்டு. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. இந்தக் கருவிகளில் உள்ள, காகிதம் போலத் தெரியும் ஈ-இங்க் திரை மெதுவானது. கறுப்பும் வெள்ளையுமான நுண்துகள்கள் மின்னழுத்தத்தால் திரவத்துக்குள் மேலும் கீழும் நகர்ந்து எழுத்தாக மாறுகின்றன. அந்த நகர்வுக்கு நொடியில் ஒரு பங்காவது ஆகும். கைப்பேசியில் விரல் பட்டவுடன் திரை அசைவதால் தொட்டது பதிவானது தெரிந்துவிடும். ஈ-இங்கில் தட்டிய பிறகு ஒரு கணம் எதுவும் நடக்காது. பட்டதா, படவில்லையா என்ற சந்தேகத்தில் இன்னொரு முறை தட்டுவோம். இரண்டு பக்கம் தாண்டிவிடும், பின்னால் வர வேண்டும், படித்துக்கொண்டிருந்த வரி மனதிலிருந்து நழுவிவிடும். பட்டனோ அழுத்தியவுடன் 'டிக்' என்று விரலுக்குச் சொல்லிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியுமுன் விரலுக்குத் தெரிந்துவிடுவதால் மனம் பொறுமையாகக் காத்திருக்கிறது. மெதுவான திரைக்குத்தான் பட்டன் அதிகம் தேவை. நடந்ததோ தலைகீழ்: வேகமான கைப்பேசிக்குப் பொருந்திய முறையை மெதுவான திரைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள்.

அவ்வளவு நல்லதென்றால் பட்டன்கள் ஏன் காணாமல் போயின?

அமேசானின் முதல் கிண்டில் 2007 நவம்பரில் 399 டாலருக்கு வந்தது. பக்கம் திருப்பும் பட்டன்கள் இரு ஓரங்களிலும் நீளப் பட்டைகளாக இருந்தன. கருவியைக் கையில் எடுத்தாலே பக்கம் திரும்பிவிடுகிறது என்று வாங்கியவர்கள் புலம்பினார்கள். 2009-ல் வந்த இரண்டாம் கிண்டிலில் பட்டனைச் சிறிதாக்கி, வெளி ஓரத்தில் அழுத்தினால் அசையாமலும் திரையை நோக்கி உள்பக்கமாக அழுத்தினால் மட்டும் வேலை செய்யும்படியும் மாற்றினார்கள். 2010-ன் மூன்றாம் கிண்டிலில் பட்டன் சத்தத்தையும் குறைத்தார்கள். மூன்று ஆண்டில் ஒரு சிறு பட்டன் இப்படிப் படிப்படியாகத் தேறி வந்தது. அதைப் பார்க்கும்போது வடிவமைத்தவர்கள் மேல் மரியாதை வருகிறது.

ஆனால் அந்தக் கருவிகளின் முகத்தில் கணிசமான இடத்தை ஆங்கில விசைப்பலகை அடைத்துக்கொண்டிருந்தது. படிப்பவர் எப்போதோ ஒருமுறை தட்டும் விசைகளுக்காக எப்போதும் அவ்வளவு பிளாஸ்டிக்கைச் சுமந்தார். தொடுதிரை வந்ததும் அது தேவையில்லாமல் போனது. அது உண்மையான முன்னேற்றம். 2011-ல் அமேசான் இரண்டு வழியும் பார்த்தது: பட்டன் மட்டும் உள்ள மலிவான கிண்டில் ஒன்று, தொடுதிரை மட்டும் உள்ள கிண்டில் டச் ஒன்று. 2012-ல் விளக்கொளியோடு பேப்பர்வைட் என்ற கிண்டில் வந்தது. அதிலும் பக்கப் பட்டன் இல்லை. 2014-ல் அடிப்படைக் கிண்டிலும் பட்டனை இழந்தது.

விசைப்பலகையை எடுக்கப் போய்ப் பக்கப் பட்டனையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். களை பறிக்கப் போனவர் பயிரையும் பிடுங்கியது போல. அசையும் பாகம் குறைந்தால் தயாரிப்புச் செலவு குறையும், முகப்பும் வழவழவென்று கைப்பேசி போலத் தெரியும். இவைதான் காரணமாக இருக்கும் என்பது என் கணிப்பு.

வேறு நிறுவனங்களும் இதே வழியில் போயின. அமெரிக்கப் புத்தகக் கடை நிறுவனமான பார்ன்ஸ் அண்ட் நோபிளின் நூக் சிம்பிள் டச் (2011) தொடுதிரையும் ஓரப் பட்டன்களும் சேர்ந்த அருமையான கருவி. 2013-ல் வந்த நூக் குளோலைட்டில் பட்டனை நீக்கினார்கள். 2017-ல் குளோலைட் 3-ல் திரும்பவும் கொண்டுவந்தார்கள். நீக்கியதைத் திரும்ப வைப்பது இந்தத் துறையில் அபூர்வம்.

எல்லாத் தொடுதிரையும் ஒன்றுதானா?

இல்லை. முதலில் வந்தது அழுத்தம் உணரும் படலம். சோனி 2008-ல் பிஆர்எஸ்-700 கருவியில் எழுத்துக்கு மேலே அப்படி ஒரு படலத்தைப் போட்டது. எழுத்து மங்கியது, வெளிச்சம் பட்டால் பளபளத்தது. படிப்பதற்கான கருவியில் எழுத்தே மங்கினால் வேறு எது இருந்து என்ன பயன்? சோனியே அந்தத் தவற்றைத் திருத்தியது. 2010-ல் வந்த அதன் கருவிகள் அகச்சிவப்பு முறைக்கு மாறின.

அகச்சிவப்பில் திரை மேல் எந்தப் படலமும் இல்லை. திரைக்குச் சற்று மேலே கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. விரல் அவற்றை மறித்தால் இடம் தெரிந்துவிடும். எழுத்து தெளிவாக இருக்கும், கையுறை போட்ட விரலும் வேலை செய்யும். ஆனால் கதிர்களை ஒளித்து வைக்க ஓரச் சட்டம் உயர்ந்திருக்க வேண்டும். அந்த மூலையில் முறுக்குத் துணுக்கு விழுந்தாலும் கருவி அதை விரல் என்று எடுத்துக்கொள்ளும். கிண்டில் டச்சும் நூக் சிம்பிள் டச்சும் இந்த வகைதான்.

பேப்பர்வைட்டில் வந்தது கைப்பேசியில் உள்ளது போன்ற மின்தேக்க முறை. மெல்லியது, நுணுக்கமானது. ஈரம் மட்டும் அதற்கு ஆகாது. ஒரு துளி நீர் விழுந்தாலும் விரலென்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடும்.

தொடுதிரை எங்கே மேல்?

சொல்லைத் தொடும் எல்லா வேலையிலும். ஒரு சொல்லை அழுத்திப் பிடித்துப் பொருள் பார்ப்பது, ஒரு பத்தியை விரலால் இழுத்துக் கோடிடுவது, அடிக்குறிப்பு எண்ணைத் தட்டிப் பார்ப்பது, கடையில் புத்தகத்தின் பெயரைத் தேடுவது. 2011-ன் பட்டன் கிண்டிலில் ஒரு பெயரைத் தேட வேண்டுமென்றால், திரையில் தெரியும் எழுத்துக் கட்டங்களுக்குள் நான்கு திசைப் பட்டனால் ஒவ்வொரு கட்டமாக நகர்ந்து ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்க வேண்டும். ஒரு நீளமான பெயரை முடிப்பதற்குள் தேடும் ஆசையே போய்விடும். அந்தக் காலம் திரும்ப வேண்டாம்.

தமிழ் நூல்களில் இந்தச் சலுகை பாதிதான் கைகொடுக்கும். 'வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து' என்ற சொல்லை அழுத்திப் பிடித்தால், அந்த வடிவத்திலேயே எந்த அகராதியிலும் இருக்காது. அகராதிக்கு 'வா' தெரியும். அங்கே வரை போய்ச் சேர மென்பொருளுக்கு இலக்கணம் தெரிய வேண்டும். ஆங்கில நூல் அதிகம் படிப்பவருக்குத் தொடுதிரை தருகிற பயன் தமிழ் மட்டும் படிப்பவருக்குக் கிடைப்பதில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

அப்படியானால் இரண்டும் உள்ள கருவி?

அதுதான் சரியான விடை. பக்கத்துக்குப் பட்டன், சொல்லுக்குத் திரை.

அமேசான் இதற்கு மிக அருகில் வந்தது கிண்டில் ஓயசிஸில். 2016-ல் முதல் ஓயசிஸ் 131 கிராம் எடையில் வந்தது, உறை இல்லாமல். ஒரு பக்கம் தடித்துக் கைப்பிடியாகவும் மறுபக்கம் 3.4 மில்லிமீட்டர் மட்டுமே உள்ள தகடாகவும் இருந்தது. எடை முழுவதும் உள்ளங்கைப் பக்கம் நின்றதால், கையில் இருப்பதே தெரியாது. 2017-ல் 7 அங்குலத் திரையும் நீர்க்காப்பும், 2019-ல் மஞ்சள் ஒளியும் சேர்ந்தன. பிறகு அதைக் கவனிக்க ஆளில்லை. 2024-ல் விற்பனையும் நின்றது. அதன் பிறகு பக்கப் பட்டன் உள்ள கிண்டிலே வரவில்லை. இதை எழுதும்போதே மனம் கனக்கிறது.

அந்த இடத்தைக் கோபோ என்ற நிறுவனம் பிடித்துக்கொண்டது. 2018-ல் 8 அங்குல ஃபோர்மா, 2019-ல் 7 அங்குல லிப்ரா எச்2ஓ, 2021-ல் லிப்ரா 2, 2024-ல் லிப்ரா கலர். எல்லாமே ஓயசிஸ் போல ஒரு பக்கம் கைப்பிடி, அதில் இரண்டு பட்டன். பாக்கெட்புக்கின் எரா (2022) ஓரத்தில் பட்டன் வைத்திருக்கிறது. அதே நிறுவனத்தின் சிறிய கருவிகள் பலவற்றில் பட்டன்கள் திரைக்குக் கீழே இருக்கும். படுத்துப் படிக்கையில் விரல் அங்கே எட்டுவது சிரமம், அதனால் ஓரத்தில் உள்ளதையே நான் பரிந்துரைப்பேன். ஆண்ட்ராய்டில் ஓடும் பூக்ஸ் பேஜ் கருவியிலும் பட்டன் உண்டு. நூக் குளோலைட் 4-லும் உண்டு. ஆனால் அது அமெரிக்கக் கடைகளுக்கான கருவி.

கிண்டில் வோயேஜில் அழுத்தினால் பக்கம் திரும்புமாமே, அது பட்டன் இல்லையா?

2014-ல் வந்த வோயேஜில் திரையின் இரு ஓரங்களிலும் அழுத்தம் உணரும் பகுதிகள் இருந்தன. விரலை அதன் மேல் வைத்திருக்கலாம், சற்று இறுக்கினால் பக்கம் திரும்பும், லேசான அதிர்வும் வரும். நல்ல யோசனைதான். பட்டனைப் போல உள்ளே இறங்கி எழும்பும் அசைவு இல்லாததால் இருட்டில் தடவிக் கண்டுபிடிக்க முடியாது. வோயேஜோடு அந்த முறையும் நின்றுபோனது.

இடக்கைக்காரர்கள் என்ன செய்வது?

தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக்கொள்ளலாம். ஓயசிஸ், லிப்ரா வகைகளில் கருவி திரும்பியதை உணர்ந்து எழுத்தும் திரும்பிக்கொள்ளும், பட்டன் இடக்கைக்கு வந்துவிடும். வலக்கைக்காரர்களும் கை வலித்தால் இப்படி மாற்றிக்கொள்ளலாம்.

பட்டன் இருந்தால் தண்ணீர் உள்ளே போகாதா?

போகாது. ஓயசிஸ் (2017 முதல்), லிப்ரா, எரா மூன்றும் ஐபிஎக்ஸ்8 என்ற நீர்க்காப்புத் தரம் பெற்றவை. ஓயசிஸுக்கும் லிப்ராவுக்கும் சொல்லப்படும் அளவு, நல்ல தண்ணீரில் 2 மீட்டர் ஆழத்தில் 60 நிமிடம். பட்டன் இருந்தால் நீர்க்காப்பு முடியாது என்று யாராவது சொன்னால் இந்த மூன்றையும் காட்டுங்கள். ஈரக்கையோடு படிக்கும்போது திரை குழம்பினாலும் பட்டன் குழம்பாது.

பட்டன் தேய்ந்துபோகுமே?

தேயும். பட்டனுக்குக் கீழே குமிழ் போன்ற சிறு உலோகத் தகடு இருக்கும். அழுத்தினால் குழிந்து இணைப்பைத் தரும், விட்டால் எழும்பும். என் கருவி ஒன்றில் மூன்றாம் ஆண்டில் 'அடுத்த பக்கம்' பட்டன் தளர்ந்துபோய், இரண்டு முறை அழுத்தினால்தான் வேலை செய்தது. பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில், பாகம் கிடைக்காது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். ஐந்து ரூபாய் தகட்டுக்காக முழுக் கருவியையும் தூக்கிப் போடச் சொன்னது இன்னும் உறுத்துகிறது. இரண்டு பட்டன்களின் வேலையையும் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளும் வசதி அமைப்புகளில் இருந்தது. 'முந்தைய பக்கம்' பட்டனை நாம் தொடுவதே இல்லையல்லவா, அது புதுசாக இருந்தது. மாற்றி வைத்து இன்னும் இரண்டு ஆண்டு ஓட்டினேன். உங்களுக்கும் இந்த நிலை வந்தால் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

கோபோ 2024-ல் வந்த தன் கருவிகளுக்கு ஐஃபிக்ஸிட் என்ற பழுதுபார்ப்பு நிறுவனத்தோடு சேர்ந்து பழுது பார்க்கும் வழிகாட்டியும் உதிரி பாகமும் தர முன்வந்தது. மற்றவர்களும் பின்பற்ற வேண்டும்.

வயதான அப்பா அம்மாவுக்கு எது நல்லது?

தயங்காமல் பட்டன். என் அம்மாவுக்குத் தொடுதிரைக் கருவிதான் முதலில் வாங்கிக் கொடுத்தேன். விரல் லேசாக நடுங்கும். தட்ட நினைப்பது திரைக்கு இழுப்பாகத் தெரியும், அழுத்திப் பிடிப்பதாகத் தெரியும், ஏதாவது பட்டியல் திறந்துகொள்ளும். "இது என்னடா, நான் ஒண்ணு நெனச்சா அது ஒண்ணு பண்ணுது" என்று மூன்றாம் நாள் அலமாரியில் வைத்துவிட்டார். தப்பு தன் மேல் என்று நினைத்துக்கொண்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. பிறகு பட்டன் உள்ள ஒன்றைக் கொடுத்தேன். மேல் பட்டன், கீழ் பட்டன், அவ்வளவுதான் சொல்லிக்கொடுத்தது. கறிவேப்பிலை உருவிக்கொண்டே இடக்கையால் பக்கம் திருப்புகிறார். வயதானவர்களின் விரல் நுனி உலர்ந்திருந்தால் மின்தேக்கத் திரை தொடுதலையே உணராமல் போவதும் உண்டு. பட்டனுக்கு விரல் உலர்ந்ததா, நடுங்குகிறதா என்ற கணக்கெல்லாம் இல்லை.

தொடுதிரைக் கருவியை ஏற்கெனவே வாங்கிவிட்டேன். இனி என்ன செய்ய?

வருத்தப்பட வேண்டாம், வழி இருக்கிறது. பலர் கைப்பேசிப் பழக்கத்தில் பக்கத்தை இழுக்கிறார்கள். இழுக்க வேண்டாம், தட்டினால் போதும். கிண்டிலில் இடது ஓரத்தில் உள்ள குறுகிய பட்டையைத் தட்டினால் முந்தைய பக்கம், மேற்பகுதியைத் தட்டினால் பட்டியல், மீதி இடமெல்லாம் அடுத்த பக்கம். கோபோவில் எந்தப் பகுதி எதற்கு என்று நீங்களே மாற்றிக்கொள்ளலாம். 2024-ல் வந்த பேப்பர்வைட்டில், கருவியின் முதுகிலோ ஓரத்திலோ இரண்டு முறை தட்டினால் பக்கம் திரும்பும் வசதி பின்னால் மென்பொருள் வழியாகச் சேர்ந்தது. பட்டனைக் கேட்டவர்களுக்குக் கிடைத்த அரைப் பதில் அது.

குளிர்காலத்தில் போர்வைக்குள்ளிருந்து படிப்பவர்களும், கையை உயர்த்த முடியாதவர்களும் தனி ரிமோட் வாங்கலாம். திரை ஓரத்தில் மாட்டும் கிளிப் ஒன்று, கையில் ஒரு பட்டன். அழுத்தினால் கிளிப் விரல் பட்டது போன்ற மின்சைகையைத் திரைக்குக் கொடுக்கும். மின்தேக்கத் திரைக்கு மட்டும் இது பொருந்தும்.

கைப்பேசியில் படிக்கிறீர்களா? ஆண்ட்ராய்டு கிண்டில் செயலியின் அமைப்புகளில், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பட்டனாலேயே பக்கம் திருப்பும் தேர்வு உண்டு. எத்தனையோ பேருக்கு இது தெரியாது.

வீட்டில் பழைய பட்டன் கிண்டில் ஒன்று கிடக்கிறது. இன்னும் பயன்படுமா?

பேட்டரி உயிரோடு இருந்தால் பயன்படும். வாங்கிய நூல்களைக் கணினிக்கு இறக்கிக் கேபிள் வழியாக ஏற்றும் வசதியை அமேசான் 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. அதனால் வைஃபை இல்லாத மிகப் பழைய கருவியில் புதிதாக வாங்கும் நூலைப் படிப்பது கடினம். உங்களிடம் உள்ள கோப்புகளைக் கேபிளில் ஏற்றத் தடையில்லை.

தமிழ் என்றால் ஒரு சிக்கல். கிண்டில் கடையில் தமிழ் நூல்கள் முறைப்படி வந்தது 2016 டிசம்பரில்தான். அதற்கு முந்தைய பழைய கருவிகள் பலவற்றில் கொம்பும் காலும் இடம் மாறி எழுத்து சிதையும். அதற்காகவே ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் 6 அங்குலத் திரை அளவுக்கென்று பிடிஎஃப் கோப்புகள் கொடுத்தார்கள். கோப்பின் ஒரு பக்கம் திரையின் ஒரு பக்கத்துக்குச் சரியாகப் பொருந்துவதால் பெரிதாக்கவோ நகர்த்தவோ தேவையில்லை, தொடுதிரையும் தேவையில்லை. ஒரு இரவு முழுக்கச் சார்ஜில் போடுங்கள். கணினியில் இணைத்து, அந்த 6 அங்குலக் கோப்புகளில் நாலைந்தை 'டாகுமென்ட்ஸ்' என்ற கோப்புறைக்குள் நகலெடுங்கள். கேபிளைக் கழற்றிவிட்டு, முதல் பக்கம் திறந்ததும் வலது ஓரப் பட்டனை அழுத்துங்கள்.